பின்கட்டுத் தலைவர்

1982 ஜூன் 7, திங்கள்

காலை பேட்சில் புதிதாக ஐந்து பெண்கள் சேர்ந்தார்கள். ஐந்து பேரும் ரிப்பன் மையை முகத்தில் பூசிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்கள். நான்காம் நம்பர் மிஷின் மறுபடி மக்கர். பாளையங்கோட்டையில் டைப் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறவன் மெக்கானிக் வேலையும் படித்திருக்க வேண்டும்.

பிள்ளைகள் போனதும் சவரிராயன் வந்தான். மைக் செட் கடைக்காரனுக்கு இங்கே என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. ஓசியில் பில் அடித்துக்கொள்ள வருகிறான் என்று நினைக்கிறார்கள். "அண்ணாச்சி, பின்கட்டுக்கு ரெண்டு பேரு" என்றான்.

பின்கட்டு என்பது எங்கள் சங்கத்தின் பெயர். பலகை கிடையாது, சந்தா கிடையாது. உயிருக்குப் பயந்து ஓடி வருகிறவர்களை ஒளித்துவைப்பது ஒன்றுதான் வேலை. எதையும் எழுதிவைக்கக் கூடாது என்பது விதி. நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். விதியை மீறுகிற லட்சணம் இங்கேயே ஆரம்பம்.

ஒரு பெண், ஒரு பையன், ஆளுக்கொரு சாதி. பதிவுக் கல்யாணத்துக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். ஒரு மாதம் மறைந்திருக்க இடம் வேண்டும். பெயரையும் ஊரையும் சவரி சொல்லவில்லை. முடிவு தெரிவதற்கு முன் எனக்கு அவை தெரியக் கூடாது. நான் கேட்பவன். தலைவரிடம் கேட்டு வந்து பதிலைச் சொல்வதோடு என் வேலை முடிந்தது.

"எப்பம் கேப்பிய?"

"மத்தியானம் சாப்பிடப் போறப்ப."

கேட்கவில்லை. உலகம்மாள் மெஸ்ஸில் இன்று தேங்காய்ப்பால் சொதி. கூட்டம் குறைந்ததும் உலகம்மாள் ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்து, மதுரையில் நர்ஸ் படிப்புப் படிக்கும் மகள் பகவதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "ஊசி போட ஆரஞ்சுப் பழத்துல குத்திக் குத்திப் பழகுதாளாம் மாஸ்டர். குத்துன பழத்தை யாரு திங்கான்னு கேட்டேன். அதுக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேங்கா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். கேட்பதற்குத் தோதான பேச்சு அமையவில்லை.

மார்ச் மாதம், சங்கரன்கோவில் பெண்ணை ஒளித்துவைத்த பிறகு, ஒரு போலீஸ்காரர் வந்து இன்ஸ்டிட்யூட் பெஞ்சில் ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்திருந்தார். எதுவும் கேட்காமல் எழுந்து போனார். அன்றிலிருந்து வாசலில் சைக்கிள் மணி கேட்டாலும் எட்டிப் பார்க்கிறேன். இதை இப்போது எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 8, செவ்வாய்

இன்றும் கேட்கவில்லை. உலகம்மாள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பரிமாறினார். அந்த மனநிலையில் இருக்கும்போது ஊரையே வீட்டுக்குக் கூப்பிட்டுவிடுவார்.

ஜூன் 9, புதன்

கேட்டாயிற்று.

மெஸ்ஸில் இன்று எல்லாமே கோளாறு. விறகு ஈரம், ஒரே புகை. பரிமாறுகிற ஆள் சொல்லாமல் நின்றுவிட்டான். மோர் திரிந்துபோனது. வக்கீல் குமாஸ்தா ஒருவர் ரசத்தைக் குறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். உலகம்மாள் கண் சிவந்து, கரண்டியும் கையுமாக என் இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஒரு யோசனை கேக்கணும்" என்றேன். "என் மாடி ரூமுக்கு ஒருத்தன் குடி வாரேங்கான். வீட்டுல சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கான் போல. சொந்தக்காரங்க கோவமாத் தேடுதாங்க. இடம் கொடுக்கலாமா?"

"பெத்தவங்ககிட்டச் சொல்லாம வந்தவனா? வந்த வழியே போகச் சொல்லுங்க. எவனோ ஓடி வருவான், அவனுக்காக நீங்க ஊருக்கெல்லாம் பதில் சொல்லணுமாக்கும். இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா, வேண்டாமா? சட்டுன்னு சொல்லுங்க."

உலகம்மாள்தான் எங்கள் தலைவர். அது அவருக்குத் தெரியாது, சவரிக்கும் தெரியாது. தெரியக் கூடாது. கேள்வியை வேறு ஏதாவது பேச்சாக மாற்றித்தான் கேட்க வேண்டும். ஒரு முறைதான் கேட்கலாம். முதலில் வருகிற பதிலே தீர்ப்பு.

சாயங்காலம் சவரியிடம் "இல்லை" என்றேன். கையிலிருந்த வயரைச் சுற்றிக்கொண்டே இருந்தான்.

"சரியாக் கேட்டியளா அண்ணாச்சி?"

"கேட்டேன்."

"இத்தனை வருசத்துல அவங்க இல்லைன்னு சொன்னதே இல்லையே."

"இப்ப சொல்லிட்டாங்க."

ஜூன் 10, வியாழன்

தூக்கமில்லை. விதி எப்படி வந்தது என்று எழுதிப் பார்த்தால் மனசு கொஞ்சம் அடங்கலாம். எனக்கு முன்னால் கேட்பவராக இருந்த பண்டாரம் சார் சொன்னது இது.

பஞ்ச காலத்தில், கப்பலுக்கு ஆள் பிடிக்கிற கங்காணிகளிடமிருந்து பிள்ளைகளை மறைக்க நாலைந்து பேர் ஒரு வீட்டின் பின்கட்டில் கூடியிருக்கிறார்கள். முதல் தலைவர் ஒரு மிராசுதார். தான் தலைவர் என்று அவருக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். கங்காணிக்கும் தெரிந்துபோனது. அவன் ஒரு ஜோடிக் குதிரை பூட்டிய வண்டி வாங்கிக் கொடுத்தான். மறு வாரம் பின்கட்டில் இருந்த அத்தனை பேரும் தூத்துக்குடியில் கப்பலேறினார்கள். அதற்குப் பிறகுதான் இந்த விதி. தலைவர் யாரென்று தலைவருக்கே தெரியாவிட்டால், யாரை மிரட்டுவது, யாரை விலைக்கு வாங்குவது?

அடுத்த தலைவர் ஆற்றில் துணி வெளுத்த ஒரு அம்மாள். அவருக்குப் பிறகு மாதா கோயில் மணி அடிக்கிற ஒரு பாக்கியநாதன். யாரைப் பற்றிக் கேட்டாலும் சரி சரி என்றே சொல்லி, அவர் காலத்தில் நெல் குதிருக்குள் எல்லாம் ஆள் இருந்ததாம். பிறகு ஒரு ஜட்கா வண்டிக்காரர். கள் உள்ளே போனால் ஒரு பதில், போகாவிட்டால் வேறு பதில். அந்தக் காலத்துக் கேட்பவர் விடிந்ததும் முதல் வேலையாகப் போய்க் கேட்டுவிடுவாராம். பிறகு ஒரு டீச்சர். எதைக் கேட்டாலும் பத்துக் கேள்வி திருப்பிக் கேட்டு, கேட்பவரை வியர்க்க வைப்பாராம். எல்லோரும் தாங்கள் யாரென்று தெரியாமலே செத்தார்கள். யார் போட்டது என்று வீட்டாருக்குத் தெரியாத ஒரு மாலை மட்டும் ஒவ்வொரு பாடையிலும் இருந்தது.

உலகம்மாளைத் தேர்ந்தெடுத்தபோது நானும் கூட இருந்தேன். மெஸ் வாசலில் ஒரு திருடனை விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய், "தள்ளுங்கய்யா, அவன் இன்னும் சாப்பிடல" என்று சாம்பார் சாதத்தை ஊட்டினார். ஊட்டி முடித்துவிட்டு அவரே போலீசுக்கும் ஆள் அனுப்பினார். பண்டாரம் சார் என் கையைப் பிடித்து, "தலைவர் கிடைச்சாச்சுடே" என்றார்.

ஜட்காக்காரரிடம் எந்த வேளையில் கேட்க வேண்டும் என்று அந்தப் பழைய கேட்பவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருக்கிறது. அவர் விடியலைத் தேர்ந்தெடுத்தார்.

வேண்டாம். நான் கேட்டேன், அவர் சொன்னார். நடுவில் நான் வெறும் குழாய்.

ஜூன் 12, சனி

பகவதிக்குக் கொடுத்துவிட்ட முறுக்கு டப்பாவை பஸ் கண்டக்டர் அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். ஹாஸ்டலில் பிள்ளை இல்லையாம். ஊருக்குப் போகிறேன் என்று சொல்லி ஒரு வாரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டாளாம்.

உலகம்மாள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய அண்ணன் சுடலைமுத்து, லாரி புரோக்கர், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். "படிக்க அனுப்பாதன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். எவன்கூடப் போயிருக்கான்னு நான் கண்டுபிடிக்கேன். கண்டுபிடிச்சா ரெண்டு பேரும் இல்ல."

மதுரையில் எத்தனையோ பெண்கள் படிக்கிறார்கள். ஓடிப்போகிற பெண்கள் எத்தனையோ பேர். இதையும் அதையும் நான் முடிச்சுப் போடப் போவதில்லை.

ஜூன் 13, ஞாயிறு

முடிச்சுப் போட்டுவிட்டேன்.

சவரியின் கடைக்குப் போனேன். "அந்தப் பிள்ளை எப்படி இருந்தா?" என்றேன்.

"அதைக் கேக்கக் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே?"

"சவரி, சொல்லு."

அவன் ஸ்பீக்கரைத் துடைப்பதை நிறுத்தினான். "பேரு சொல்லல. மாநிறம். பேசுனது கொஞ்சந்தான். பேசாம இருந்த நேரமெல்லாம் முழங்கால்ல விரலு ஓடிக்கிட்டே இருந்துச்சு, டைப் அடிக்க மாதிரி."

போன வருஷம் பகவதி என்னிடம் டைப் படித்து லோயர் பரீட்சை பாஸ் பண்ணினாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும், அம்மா இலை போடச் சொல்லும்போதும் அவள் விரல் சும்மா இருக்காது. நானே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன்.

இல்லையென்று சொன்ன பிறகு அவர்களைப் பின்தொடர்வது எங்கள் வழக்கமில்லை. ஆனால் பையனுக்குக் கயத்தாறு பக்கம் ஒரு சிநேகிதன் இருப்பதும், அவனுடைய சுண்ணாம்புக் காளவாசலை ஒட்டி ஒரு கொட்டகை இருப்பதும் சவரி காதில் விழுந்திருக்கிறது. பையன் பெயர் ஜெபராஜ். ரேடியோ ரிப்பேர் செய்கிறவன்.

இரண்டாவது முறை கேட்டதாகச் சங்கத்தின் கதையிலேயே இல்லை. கேட்காமலே கேட்டதாகப் பொய் சொல்லலாம். அதுவும் கதையில் இல்லை. நாளை மத்தியானம் கேட்டுவிடுகிறேன்.

ஜூன் 14, திங்கள்

கேட்கவில்லை. சுடலைமுத்துவும் நான்கு ஆட்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெஞ்சுக்கு அடியில் கோணிச் சாக்கில் எதையோ சுற்றி வைத்திருந்தார்கள். உலகம்மாள் என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். கத்தரிக்காய்க் கூட்டு. கொடுமை என்னவென்றால், சாப்பிட்டேன்.

ஜூன் 15, செவ்வாய்

காலையில் சவரி ஓடிவந்தான். நேற்று சாயங்காலம் பன்னும் பழமும் வாங்க ஜெபராஜ் கயத்தாறு ரோட்டுக்கு வந்திருக்கிறான். யார் துப்புக் கொடுத்ததோ, சுடலைமுத்து ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். பெண் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லவில்லை. வலது கையில் வெட்டியிருக்கிறார்கள். அப்போதும் சொல்லவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பகவதி கொட்டகையில் தனியாக இருக்கிறாள். ஆட்கள் அந்தப் பக்கம் தெருத் தெருவாகத் தேடுகிறார்கள்.

மிஷின்களை மூடாமலே கிளம்பினேன். மெஸ்ஸில் அடுப்பு எரியவில்லை. உலகம்மாள் தனியாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். நானும் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தேன். அத்தனையும் சொன்னேன். பின்கட்டு, மிராசுதார், வெளுக்கிற அம்மாள், விளக்குக் கம்பத்துத் திருடன், பண்டாரம் சார். பத்துப் பதினோரு வருஷமாக நான் கேட்ட யோசனைகள் எல்லாம் என்ன என்று சொன்னேன். "வீட்டுக்கு வந்த பூனையை விரட்டலாமா" என்று கேட்டது சங்கரன்கோவில் பெண்ணைப் பற்றி. "இரவல் குடையை எவ்வளவு நாள் வச்சுக்கலாம்" என்று கேட்டது கொத்தடிமைக் குடும்பத்தைப் பற்றி. போன புதன்கிழமை கேட்டது பகவதியைப் பற்றி.

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும், அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"எம் புள்ளைக்கு இடம் இல்லன்னு நானா சொன்னேன்?"

"உங்களுக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? வாடகைக்கு எவனோ வாரான்னுதான என்கிட்டக் கேட்டீங்க? ஒரு பொம்பளைப் புள்ள, வெட்ட வாரானுவ, ஓடி வந்திருக்கான்னு கேட்டிருந்தா என் வாயில அந்தச் சொல்லு வருமா? எவ பெத்த புள்ளையா இருந்தாலும் வருமா?"

"நேராக் கேக்கக் கூடாதுன்னு விதி."

"என்ன எழவு விதி அது? முடிவு சொல்றவளுக்கு என்ன முடிவுன்னே தெரியாது. கேக்கவனுக்கு யாருக்குன்னு தெரியாது. அப்பம் எம் மவளைத் தொரத்துனது யாரு? காத்தா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வாரம் திங்கக்கிழமை நல்லா சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தேனே. செவ்வாக்கிழமையும் நல்லாத்தானே இருந்தேன். அன்னைக்கெல்லாம் கேக்காம, அடுப்புப் புகையில நான் பேயா நின்னப்பப் பாத்துக் கேட்டிருக்கீங்க."

"பயமா இருந்துச்சு" என்றேன். "போலீஸ் வந்துட்டுப் போனதிலேருந்து பயம். நீங்க இல்லைன்னு சொல்லணும்னு காத்துக்கிட்டிருந்தேன்."

இதைச் சொல்லும்போதுதான் எனக்கே அது முழுசாகத் தெரிந்தது. ஒரு வாரமாக இந்தப் பக்கங்களில் இதைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். வெட்கம் கெட்டவன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு இந்தக் கல்யாணம் பிடிக்கல. அது வேற. நான்தான உங்க தலைவரு?"

"ஆமா."

"அப்ப கேட்டுக்கோங்க. அவளைக் கூட்டிட்டுப் போயி ஒளிச்சு வைங்க. அந்தப் பையன் ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் அவனையும் சேத்து வைங்க. எனக்கு நெஞ்சு வலின்னு எங்க அண்ணனுக்கு ஆள் அனுப்புதேன். அவனும் அவன் ஆளுகளும் இங்க வந்து என்னைப் பாத்துக்கிட்டு இருக்கட்டும். போங்க மாஸ்டர், ஏன் நிக்கீங்க?"

பின்கட்டின் கதையில், தான் தலைவர் என்று தெரிந்து ஒருவர் சொன்ன நல்ல உத்தரவு இது ஒன்றுதான். மிராசுதாரை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

ஜூன் 16, புதன்

ஆட்கள் மெஸ்ஸுக்கு வந்து சேரும்வரை காத்திருந்தோம். இன்று விடிந்ததும் சவரியின் வேன் கோயில் கொடை விழாப் பாட்டு போட்டுக்கொண்டே கயத்தாறுக்குள் போனது. நானும் முன் சீட்டில். பெரிய ஸ்பீக்கர் பெட்டியின் உள்ளே இருந்ததை எல்லாம் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டான். கொட்டகை வாசலில் பகவதி என்னைப் பார்த்ததும், "மாஸ்டர், நீங்களா?" என்றாள். அந்தக் கேள்வியில் சந்தோஷம் இருந்தது. அதைத் தாங்க முடியவில்லை.

"ஜெபராஜ் எங்க?"

"ஆஸ்பத்திரியில. உயிருக்கு ஒண்ணுமில்ல."

பெட்டிக்குள் குந்தி உட்கார்ந்தாள். திரும்பும்போது, சுடலைமுத்துவிடம் போகாமல் அங்கேயே தங்கிவிட்ட இரண்டு பேர் வண்டியை மறித்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பாட்டைக் குறைக்கச் சொன்னார்கள். சவரி கூட்டி வைத்தான். சாமி பாட்டு என்பதால் வழிவிட்டார்கள்.

எங்கே சேர்த்தோம் என்று எழுத மாட்டேன். ஒரு விதியையாவது காப்பாற்றுகிறேன்.

ஜூன் 17, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜெபராஜுக்கு வலது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை. தூங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மா வாசலில் நின்றார். "நீங்க யாரு தம்பி?" என்றார்.

"தெரிஞ்சவன்" என்றேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். கொடுத்தேன். அவர் கும்பிட்டார். நான் திரும்பிப் பார்க்காமல் வந்தேன்.

கம்பியை ஒட்டவைக்கிற கை அது. ஏழாம் தேதியே கேட்டிருந்தால் இருந்திருக்கும். எத்தனை முறை எழுதினாலும் இந்த வாக்கியம் மாறப்போவதில்லை.

ஜூன் 18, வெள்ளி

வெட்டியவன் என்று ஒரே ஒரு ஆள் சரணடைந்திருக்கிறான். சுடலைமுத்து வெளியில்தான் இருக்கிறார். காலையும் மாலையும் மெஸ்ஸில் உட்கார்ந்து தங்கச்சி முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், ஏதாவது தெரிகிறதா என்று.

மூன்று மணிக்கு மேல், அவர் போன பிறகு போனேன். உலகம்மாள் இலை போட்டார். சோறு வைத்தார். குழம்பு ஊற்றுவதற்கு முன் கேட்டார்.

"எங்க இருக்கா?"

"சொல்லக் கூடாது."

"நான்தான தலைவரு?"

"தலைவர்னு தெரிஞ்ச பிறகு தலைவர் இல்ல. வேற ஆள் தேடணும்."

"அப்ப நான் யாரு?"

"அவளோட அம்மா."

"அம்மாவுக்குமா சொல்லக் கூடாது?"

"அம்மாவுக்குத்தான் முக்கியமாச் சொல்லக் கூடாது. உங்க அண்ணன் உங்க முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருக்காரு."

அவர் குழம்பு ஊற்றினார். பொரியல் வைத்தார். அப்பளம் வைத்தார். வழக்கத்தைவிட அதிகமாகவே வைத்தார்.

"சாப்பிடுதாளா? அத மட்டும் சொல்லுங்க."

"சாப்பிடுதா."

"சரி. நல்லாச் சாப்பிடுங்க. நாளையிலிருந்து இங்க வராதீங்க."

கை இலையிலேயே நின்றது.

"கோவம் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். இருக்கு. அந்தப் பையன் கைக்காக சாகுற வரைக்கும் இருக்கும். ஆனா அதுக்காகச் சொல்லல. உங்க மூஞ்சியப் பாத்தா நான் கேட்டுருவேன். நான் கேட்டா நீங்க சொல்லிருவீங்க."

"மாட்டேன். அது எப்படிச் சொல்வேன்?"

"சொல்லிருவீங்க மாஸ்டர். இத்தனை வருசமா மத்தியானம் மத்தியானம் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்? எனக்குத் தெரியாதா?"

மோர் ஊற்றினார். தலை நிமிராமல் சாப்பிட்டு முடித்தேன். கை கழுவிவிட்டு வரும்போது அவர் இலையை எடுத்திருந்தார். போய்வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்து, வருகிறேன் என்ற சொல்லை விழுங்கிவிட்டு இறங்கினேன்.

ராத்திரி வெகுநேரம் யோசித்தேன். அவர் சொன்னது சரிதான். கேட்டால் சொல்லிவிடுவேன்.